பால்மரத்து அலமாரி

வீட்டுக்கு வேண்டிய மரச்சாமான்களைத் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு, நாற்காலி, மேசை, கட்டில் ஆகிய எல்லாவற்றையும்விடக் கடினமான பரீட்சை, சாப்பாட்டு அறையின் சுவரோரமாக நிற்கும் சைட்போர்டும் அதன்மேல் ஏறி அமரும் கண்ணாடி மேலடுக்கும்தான் என்பது என் அபிப்பிராயம். மற்றவை தனிச்சாமான்கள், இதுவோ ஒரு ஜோடி. மேலைநாட்டார் ஹட்ச் என்று அழைக்கும் அந்த மேலடுக்கும், அதைத் தாங்கும் கீழ்ப்பெட்டியும் தனித்தனியே செய்யப்பட்டு, தனித்தனியே தூக்கி வரப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டபின், ஒரே கருத்தில் உருவானவையாகத் தோன்ற வேண்டும். காரைக்குடிப் பக்கத்திலுள்ள என் வீட்டுக்கு இத்தகைய ஜோடி ஒன்று செய்ய எண்ணி, எந்த மரம் ஏற்றது, என்ன பிரமாணத்தில் அமைப்பது என்று பலரையும் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், மலேசியாவில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ்

1881-ஆம் ஆண்டில் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் நகரம் சீர்குலைந்தபோது, மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுப்பிய வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடுகளே கட்டப்பட வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்ததன் பயனாகச் செங்கற்சூளைகள் பெருகிய இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரையில் ரயில் ஓடத் தொடங்கி, அந்த ரயில்வேயில் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணிபுரிய யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்து சேர்ந்தபின், சூளைகளின் பேட்டை தமிழர்களின் பேட்டையாயிற்று. ஸ்காட் சாலையில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1904-இல் நிறுவப்பட்ட விவேகானந்த ஆசிரமமும் அந்தக் காலத்தின் சாட்சிகளாக இன்றும் நிற்கின்றன. பழைய ரயில் பெட்டிகள் நின்ற மைதானத்தின்மேல்தான் இப்போது சென்ட்ரல் நிலையம் எழுந்திருக்கிறது.

கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரின் மகளான முதிய அம்மையார் வசிக்கும் வீட்டுக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். “வாங்கோ, இருங்கோ” என்று உபசரித்து, இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் பரிமாறிய அந்த அம்மையார், நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அறிந்ததும், “இது அப்பாவின்ர காலத்து அலுமாரி, வடிவா வேலை செஞ்சிருக்கினம்” என்று சொல்லிச் சாப்பாட்டு அறைக் கோடியைக் காட்டினார்.

கறுத்த தேக்கில் செய்த சைட்போர்டு அது. நடுவில் இழுப்பறைகள், இரு புறமும் கதவு வைத்த அறைகள், கீழே போகப் போகச் சிறுக்கும் கால்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம் போன்ற கட்டடக் கலைஞர்கள் பிரபுக்களின் மாளிகைகளுக்காக வகுத்து, 1788-இல் வெளிவந்த ஹெப்பிள்வைட்டின் மாதிரிப் புத்தகமும் அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஷெரட்டனின் புத்தகமும் ஊரெல்லாம் பரப்பிய அதே அமைப்பு, கடல் கடந்து, துரைமாரின் பங்களாக்களில் இடம்பெற்று, அங்கிருந்து அவர்களுடைய குமாஸ்தாக்களின் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதன்மேல் இருந்த கண்ணாடி அடுக்கு மட்டும் பிற்காலத்தில் வேறோர் இடத்தில் வாங்கப்பட்டது. அதுவும் நல்ல வேலைப்பாடுதான். ஆயினும் கீழே மூன்று பிரிவுகள் இருக்க மேலே இரண்டே கதவுகள் இருந்தபடியால், மேற்கதவுகளின் நடுச்சட்டம் கீழ் இழுப்பறையின் குமிழுக்கு நேர் மேலே வந்து நின்றது. மேலடுக்கின் ஆழமும் கீழ்ப்பெட்டியின் ஆழமும் ஏறக்குறைய சமமாக இருந்ததால், ஒரு தட்டை இறக்கி வைக்கவும் முன்புறத்தில் இடமில்லை. ஜோடி என்பது பக்கத்தில் வைப்பதால் உண்டாவதன்று, கோடுகள் ஒன்றோடொன்று பேசுவதால் உண்டாவது என்று அங்கே உணர்ந்தேன்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் பிரச்சினை எழுவதில்லை. அங்கே சுவர்கள் கனமானவை. சுவருக்குள்ளேயே மாடங்களும் அலமாரிகளும் அமைத்து, பர்மாத் தேக்கில் கதவு பூட்டிவிடுவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் வரிசை வீடுகளிலோ சுவர் ஒற்றைச் செங்கல் கனமே உள்ளது. சுவர் செய்ய வேண்டிய வேலையை இங்கே மரச்சாமான் செய்தாக வேண்டியிருக்கிறது.

கெப்போங்

நகரத்தின் வடமேற்கே, ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலத்தில் நூறாண்டுகளுக்கு முன்பு மரம் நடத் தொடங்கி, 1929-இல் வன ஆராய்ச்சி நிலையமாக மலர்ந்த கெப்போங் வனத்தைக் காணாமல் எந்த மர ரசிகனும் திரும்பக் கூடாது. மனிதன் கெடுத்த பூமியை மனிதனே காடாக்கிக் காட்டிய அந்த இடம், 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. அங்கே காப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடாமல், உச்சியில் வானம் சிறு சிறு கால்வாய்களாகப் பிரிந்து தெரிகிறது. நம் கோயில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரத்தைப் பூர்வ காலத்தில் தந்த மரம் அதுவே என்று கேட்டபோது, அந்நிய தேசத்தில் நிற்கிறேன் என்ற எண்ணம் சிறிது நேரம் என்னை விட்டு நீங்கிற்று.

வனத்தைச் சுற்றிக் காட்டிய அன்பரிடம் என் நோக்கத்தைச் சொல்லி, செங்காலும் மெராந்தியும் நியாத்தோவும் விளையும் நாட்டில் வீட்டுத் தச்சனுக்கு ஏற்ற மரம் எது என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல் ரப்பர் மரம் என்றார். பிரேசில் காட்டிலிருந்து 1876-இல் ஹென்றி விக்ஹாம் கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அடுத்த ஆண்டே 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து, பிறகு மலாயா முழுவதையும் மூடிய வரலாற்றை நாம் அறிவோம். பாலுக்காகவே வளர்க்கப்பட்ட அந்த மரத்தை, இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டி, அடுப்புக்கும் சூளைக்கும் விறகாகவே வெகுகாலம் எரித்து வந்தார்கள். காரணம், மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அறுத்துப் போட்ட சில நாட்களுக்குள் நீலப் பூஞ்சை படரும், உளுப்பூச்சி துளைத்துப் பொடியாக்கிவிடும். அறுத்த கையோடு பலகையைப் போரான் உப்புக் கரைசலில் அழுத்தத்தோடு ஊறவைத்து, சூளையறையில் ஈரத்தை 10 முதல் 12 சதவீதம் வரையில் இறக்கிவிட்டால் இந்த வியாதிகள் அணுகா என்பது ஆராய்ச்சியால் நிலைபெற்ற பிறகே, விறகாக எரிந்த மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் உலகமெங்கும் செல்லத் தொடங்கியது.

தந்த நிறத்தில் இளமஞ்சள் சாயல் கலந்த அந்தப் பலகையின் குணத்தை அவர் விளக்கினார். ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோ எடை; தேக்கைக் காட்டிலும் மிகவும் வேறுபட்டதன்று. இழைப்புக்கு இணங்கும், சாயத்தை நன்கு ஏற்கும். ஆனால் மழைக்கும் மண்ணுக்கும் ஆகாது, வீட்டுக்குள்ளேதான் வாழும். அடிமரம் குட்டையாதலால் நீண்ட அகலப் பலகை கிடைக்காது. ஒடுங்கிய துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டித்தான் அகலம் காண வேண்டும்.

கிள்ளான்

ரயிலில் மேற்கே சென்று கிள்ளானில் இறங்கியதும், தெங்கு கெலானா சாலை முழுவதும் மாலைக் கடைகளும், பட்டுக் கடைகளும், பித்தளைப் பாத்திரக் கடைகளுமாக நீண்டு கிடந்தது. வாழையிலையில் சோறும், மீன் குழம்பும், பொரித்த பாகற்காயும், அப்பளமும் வரிசையாக வந்து விழ, பக்கத்து இலையில் ஒரு சீனர் குடும்பம் இரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது. நம் ஊர் வீடுகளில் இலைச் சாப்பாடு பெரும்பாலும் விசேஷ தினத்துக்குரியது. இங்கே அது எல்லா இனத்தாரும் எந்த நாளும் வந்து உண்ணும் சாதாரண மத்தியான உணவு.

பாத்திரக் கடையின் முன்னே நெடுநேரம் நின்றேன். ஐரோப்பியன் சைட்போர்டை வகுத்தபோது, மதுக் குப்பிகளும் வெள்ளிக் கரண்டிகளும் பீங்கான் தட்டுகளும் வைக்கவே வகுத்தான். தமிழ் வீட்டில் அதற்குள் போக வேண்டியவை வேறு. எவர்சில்வர் தாம்பாளம் அகலமானது. அதைப் படுக்கவைத்தால் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், நிறுத்தி வைக்க ஒடுக்கமான தனியறை வேண்டும். குத்துவிளக்குக்கு உயரம் வேண்டும். அடுக்குத் தூக்குச்சட்டிக்கு வேறோர் உயரம். பாத்திரத்தை அளக்காமல் அலமாரியை அளப்பவன் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறான்.

இந்த நகரத்தைச் சூழ்ந்த தோட்டங்களில்தான் 1941-இல் தமிழ்த் தொழிலாளர்கள் திரண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, ஐந்து உயிர்கள் போயின. துரையின் பங்களாவில் சைட்போர்டு நின்ற அந்நாளில், பால் வெட்டியவனின் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையே அலமாரியாக இருந்தது. ஒரு சாமானின் வரலாற்றைத் தேடி வந்தவன் இந்த வரலாற்றையும் கேட்காமல் அந்தத் தெருவைக் கடக்க முடியாது.

ஜெஞ்சாரோம்

கிள்ளானிலிருந்து தெற்கே, தெலோக் பங்ளிமா காராங்கைக் கடந்து செல்லும் சாலையின் இருமருங்கிலும், முன்பு ரப்பர் நின்ற நிலங்களில் இப்போது எண்ணெய்ப்பனை நிற்கிறது. ஜெஞ்சாரோம், பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில் சீனக் குடியானவர்களை ஒன்று சேர்த்து அமைத்த புதுக்கிராமங்களுள் ஒன்று. சீனப் புத்தாண்டின்போது ஆயிரக்கணக்கான விளக்குகள் ஏற்றும் டோங் சென் பௌத்த ஆலயம் இதன் அடையாளம். 2018-இல், குப்பையை இனி ஏற்கமாட்டோம் என்று சீன தேசம் கதவடைத்தபின், வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகள் இவ்வூரில் மலையாய்க் குவிந்து, இரவில் எரிந்த புகையால் ஜனங்கள் மூச்சுத் திணறினார்கள். ஊரார் ஒன்றுகூடிப் போராடியே உரிமமில்லா ஆலைகள் பலவற்றை மூடச் செய்தார்கள். வாங்கி எறியும் சாமான்கள் கடைசியில் யாருடைய வாசலுக்கு வந்து சேரும் என்பதை அறிந்த ஊர் இது.

தாமான் என்னும் குடியிருப்பு ஒன்றின் வரிசை வீட்டில், கார் நிறுத்தும் கொட்டகையையே பட்டறையாக்கி வேலை செய்யும் பெரியவரைக் காணவே நான் வந்தேன். தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் தாயோடு பால் வெட்டி, ரப்பர் அழிந்து பனை வந்தபின் மரச்சாமான் ஆலையில் வேலை கற்று, ஓய்வுபெற்றபின் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான தம் மகளின் புதுவீட்டுக்காகச் சைட்போர்டும் மேலடுக்கும் செய்துகொண்டிருந்தார் அவர். “வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே அவருடைய மனைவி, தோசையும் நெத்திலிச் சம்பலும் கோப்பியும் கொண்டுவந்து வைத்தார்.

பட்டறையில் நான் முதலில் கண்டது சுவரில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம். அதில் அந்த ஜோடி முழு அளவில் வரையப்பட்டிருந்தது. மனைவியை அதன் முன்னே நிற்கவைத்து, கை நீட்டினால் எட்டும் இடத்தைக் குறித்து, அதற்குக் கீழேதான் கடைசித் தட்டு என்று தீர்மானித்திருந்தார். பக்கத்தில் ஆளுயரக் கோல் ஒன்று சாய்ந்திருந்தது. அதில் எண்களே இல்லை, கோடுகள் மட்டும். தாம்பாளத்துக்கு ஒரு கோடு, குத்துவிளக்குக்கு ஒரு கோடு, சாப்பாட்டுத் தட்டை நிறுத்தி வைக்க ஒரு கோடு, சோற்றுக் குக்கரின் மூடி திறக்க ஒரு கோடு. “எண்ணைப் பார்த்தா கண்ணு தப்பும் தம்பி. கோல் தப்பாது” என்று சொல்லி, அந்தக் கோலைப் பலகைமேல் வைத்தே எல்லாத் துண்டுகளுக்கும் குறியிட்டார். நம் ஊர்த் தச்சர்களின் முழக்கோலைக் கடல் கடந்த இடத்தில் மீண்டும் கண்டேன்.

அவர் வகுத்த பிரமாணங்களை, செய்ய விரும்பும் வாசகர்களுக்காக இங்கே விவரமாகத் தருகிறேன். சைட்போர்டின் உயரம் 86 செ.மீ.; நின்றபடியே பரிமாறும் ஒருவருக்கு முழங்கை வளையாத உயரம். ஆழம் 46 செ.மீ. பெட்டியின் அகலம் 146. மேற்பலகை இருபுறமும் 2 செ.மீ. நீண்டு 150. மேலடுக்கின் பக்கப்பலகைகள் இந்த 150-க்கு அல்ல, பெட்டியின் 146-க்கே நேராக அமர்கின்றன. ஆகவே தரையிலிருந்து உச்சி வரையில் பக்கக் கோடு ஒன்றாகவே ஓடுகிறது. மேலடுக்கின் உச்சியில் உள்ள விளிம்பு, கீழே மேற்பலகை நீண்ட அதே 2 செ.மீ. நீள்கிறது, தொடக்கத்தில் சொன்னதை முடிவில் மீண்டும் சொல்லும் அந்த விளிம்பே இரண்டையும் ஒரு ஜோடியாக்குகிறது. மேலடுக்கின் ஆழம் 30 செ.மீ. மாத்திரமே, முன்னே எஞ்சும் இடத்தில் தட்டு வைக்கலாம், பழம் நறுக்கலாம். மேற்பலகைக்கும் மேலடுக்கின் முதல் தட்டுக்கும் நடுவே 42 செ.மீ. திறந்தவெளி. அதற்கு மேலே கண்ணாடிக் கதவுகள். மேலடுக்கின் உயரம் 118. ஆக மொத்தம் 204 செ.மீ.

கீழே மூன்று கதவுகள், மேலேயும் மூன்று. கதவுகளுக்கு இடைப்பட்ட சந்துகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. ஆனால் கீழ்க்கதவின் சட்டம் 6 செ.மீ. அகலம் என்றால் மேற்கதவின் சட்டம் 5 செ.மீ.தான். ஒரே அளவு வைத்தால் என்ன என்று கேட்டேன். “அப்படி வெச்சா மேல உள்ளது தலைகனத்துத் தெரியும். பாரம் கீழதான் இருக்கணும்” என்றார். ஒத்திருப்பதற்காகவே சிறிது வேறுபட வேண்டும் என்ற இந்த நுட்பம், எந்த மாதிரிப் புத்தகத்தைப் படித்தவரும் மதிக்கத்தக்கது. மூன்றாகப் பிரித்ததில் வேறொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு தட்டின் நீளமும் அரை மீட்டருக்கு உட்பட்டே இருப்பதால், 2 செ.மீ. கனமுள்ள ரப்பர் பலகை பீங்கான் பாரத்தில் வளையாது. மீட்டர் கணக்கில் நீண்டிருந்தால் சில ஆண்டுகளில் நடுவே தொய்ந்துவிடும்.

மரத்தின் சுபாவத்துக்கு இணங்கியே மற்றவற்றைச் செய்திருந்தார். ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் இந்தப் பிரதேசத்தில் பலகை விரிவதையும் சுருங்குவதையும் யாரும் தடுக்க முடியாது. ஆகவே கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை இல்லாமலே செருகி, பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார், பசை சட்டத்தின் கழுந்துக்கும் துளைக்கும் மட்டும். இழுப்பறையின் முன்மூலைகள் புறாவால் மூட்டு. கதவுகளுக்குரிய பலகைகளை ஒரே அடுக்கிலிருந்து எடுத்து, சாக்பீஸால் எண்ணிட்டு, மேலும் கீழும் நேர் நேரே வருமாறு வரிசைப்படுத்தியிருந்தபடியால் நிறமும் இழையோட்டமும் மாறாமல் ஏறின. மேலடுக்கு, மேற்பலகையில் பதித்த மரமுளைகளின்மேல் இறங்கி நிற்கும். இருவர் சேர்ந்தால் கழற்றி எடுத்துவிடலாம். பின்னால் இரும்புப் பட்டை ஒன்றால் சுவரோடு பிடித்துவிட வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது என்று வற்புறுத்தினார்.

கீழ்க் கதவுகளுக்குப் பின்புறம், முதுகுப் பலகையில் கம்பிவலை வைத்த சிறு சாளரங்கள் இருந்தன. லயத்து வீட்டில் அவருடைய தாயார் கறியும் சோறும் வைத்த கம்பிவலை அலமாரியின் ஞாபகம் அது. எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திவைத்த அந்த அலமாரி, காற்று உள்ளே நடமாடியதால் ஈரவாடையே அறியாது என்றார். துரை வீட்டுச் சைட்போர்டின் உருவமும் லயத்து அலமாரியின் புத்தியும் ஒரே சாமானில் சேர்ந்திருப்பதைப் பார்த்தேன்.

2021 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. ஸ்ரீ மூடாக் குடியிருப்பில் இருந்த உறவினர் வீட்டில், தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் எல்லாம் ஊறி உப்பி உதிர்ந்து தெருவில் குப்பையாகக் குவிந்தன; அவர் செய்துகொடுத்த கட்டைமர மேசை மட்டும் கழுவிக் காயவைத்தபின் இன்றும் பயன்படுகிறது.

பிறகு இழைப்புளியைக் கையில் எடுத்தார். பலகையின் ஒரு ஓரத்தில் இழை சற்றே சுழித்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவி, இளமையில் யாரோ ஆழமாகப் பால் வெட்டிய காயம் அது என்று காட்டினார். விடிவதற்கு முன்னே, குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாய்த்து, ஒன்றரை மி.மீ. கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி கட்டையைத் தொட்டுவிடக் கூடாது. “கட்டையைத் தொட்டா அன்னிக்குச் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க தம்பி. அம்மா அழுதிருக்காங்க. இப்ப அந்தக் கட்டையத்தான் ஆசை தீரச் சீவிக்கிட்டிருக்கேன்” என்றார். இழைப்புளியின் வாயிலிருந்து மெல்லிய சுருள் ஒன்று முறியாமல் எழுந்து வந்தது. பட்டையை அளந்து சீவிய பழக்கமே அந்தக் கையில் தச்சு வேலையாக முதிர்ந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேரித் தீவு

ஜெஞ்சாரோமுக்கு மேற்கே, லங்காட் ஆற்றின் மறுகரையில், எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயர் தாங்கிய தீவு இருக்கிறது. பாலத்தைக் கடந்ததும் கண்ணுக்கெட்டிய வரையில் எண்ணெய்ப்பனை; அதன் கோடியில், மலேசியத் தீபகற்பத்தின் ஆதிகுடிகளுள் ஒரு பிரிவினரான மா மெரி மக்களின் சுங்கை பும்புன் கிராமம். சதுப்பு நிலத்தில் வளரும் நீரே பத்து என்ற சிவந்த கனத்த மரத்தில் அவர்கள் தங்கள் மூதாதையரின் உருவங்களைச் செதுக்குகிறார்கள். ஹாரி மோயாங் என்ற முன்னோர் விழாவில் முகமூடி அணிந்து ஆடுகிறார்கள்; பனையோலையை மடித்துப் பூவும் பறவையுமாக்கி ஆலயத்தை அலங்கரிக்கிறார்கள். நம் கல்யாணப் பந்தல்களில் தென்னங்குருத்தை மடித்துத் தோரணம் கட்டும் விரல்களின் வேகத்தை அங்கும் கண்டேன்.

ஒரு சிற்பி குடிசைத் திண்ணையில் அமர்ந்து மரத்துண்டைப் பாதங்களால் பற்றிக்கொண்டு செதுக்கிக்கொண்டிருந்தார். கோல் இல்லை, கோடு இல்லை, காகிதம் இல்லை. மரத்தின் வளைவு எப்படியோ அப்படியே உருவமும் வளைந்தது. ஜெஞ்சாரோம் பெரியவரின் வேலைக்கு இது முற்றிலும் மாறானது என்று முதலில் தோன்றினாலும், சிறிது நேரம் பார்த்தபின் இருவரும் ஒரே தர்மத்தையே அனுசரிக்கிறார்கள் என்று தெளிந்தது. மரம் எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்று முதலில் அறிந்து, அதற்குப் பிறகே உளியை எடுக்கிறார்கள்.

திரும்பும் வழியில்

ரப்பர் மரம் நமக்கும் அந்நியமானதன்று. கேரளத்திலும், நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அது விளைகிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் உழைக்கும் தோட்டங்களுக்காக 1984-இல் தமிழ்நாட்டு அரசு தனிக் கழகமே நிறுவியது. பால் வற்றி வெட்டப்படும் மரத்தைப் பயன்படுத்துவதால் எந்தக் காடும் அழியப்போவதில்லை. அப்படியிருந்தும், தேக்கு என்றால்தான் மரம் என்று எண்ணி, அது கட்டுப்படியாகாதபோது தூள்பலகைச் சாமானை வாங்கி, சில ஆண்டுகளில் தெருவில் போடுகிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும்.

மரவேலையில் பிரியமுள்ள அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். சைட்போர்டு செய்ய நினைத்தால் முதலில் உங்கள் வீட்டுத் தாம்பாளத்தையும் குத்துவிளக்கையும் அளவெடுங்கள். கீழ்ப்பெட்டியை இன்றும் மேலடுக்கை என்றேனும் ஒரு நாளும் செய்வதாக இருந்தாலும், இரண்டையும் இன்றே ஒரே காகிதத்தில் முழு அளவில் வரைந்துவிடுங்கள். இரண்டுக்கும் வேண்டிய பலகையை ஒரே அடுக்கிலிருந்து வாங்கி வையுங்கள். போரான் ஏற்றி நன்றாக உலர்த்திய ரப்பர் பலகையா என்று கேட்டு வாங்குங்கள். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் எடுத்துப் பிறர்க்குக் கொடுத்த மரம் அது. நம் வீட்டுக் கூடத்திலும் அதற்கு ஓர் இடம் கொடுப்பது நம் கடமை.